எந்த மொனிட்டர் வாங்கலாம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மொனிட்டரைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை அங்குலம், எவ்வளவு பணம் என்று எழுதுவதுடன் உங்கள் கணினிக்குள் எந்தக் கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது என்பதையும் தவறாமல் எழுதுங்கள். மொனிட்டர் தானாக எந்தப் படத்தையும் உருவாக்குவதில்லை, வருவதைக் காட்டுகிறது. என்ன வருகிறது என்று தெரியாமல் எதை வாங்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: அக்கா, நான் உவர்மலையில் இருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். கனடாவில் உள்ள மாமா மொனிட்டர் வாங்க 60,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். என் கணினியில் கோர் ஐ5 10400எஃப், ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜி.பி. நினைவகம் உள்ளன. பெரும்பாலும் வலோரன்ட் விளையாடுகிறேன், இடைக்கிடை ஜி.டி.ஏ. 5. இப்போது இருப்பது பழைய 19 அங்குலத் திரை. 24 அங்குலம் 180 ஹேர்ட்ஸ் ஒன்றும், 27 அங்குலம் 100 ஹேர்ட்ஸ் ஒன்றும் இந்தப் பணத்துக்குள் அடங்குகின்றன. இரண்டும் 1080பி, இரண்டும் ஐ.பி.எஸ். வகைத் திரை. 27 அங்குலத்தில் 1440பி வேண்டுமென்றால் இன்னும் 25,000 ரூபாய் தேவை. அம்மாவிடம் கேட்கலாம். நண்பர்கள் எல்லோரும் 27ஐத்தான் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, 24 அங்குலத்தையே வாங்குங்கள். அம்மாவிடம் 25,000 ரூபாய் கேட்க வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன், நண்பர்களிடமும் காட்டுங்கள். 1080பி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். திரை சிறியதோ பெரியதோ, அந்த எண்ணிக்கை மாறாது. கடையில் 24 என்று விற்பது உண்மையில் 23.8 அங்குலம். அதில் ஓர் அங்குலத்துக்குள் ஏறத்தாழ 93 புள்ளிகள் அமர்கின்றன. அதே புள்ளிகளை 27 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 82தான் கிடைக்கும். திரையின் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடுகிறது, புதிதாக ஒரு புள்ளிகூடச் சேரவில்லை. நம் வீட்டு மேசைகளில் முகத்துக்கும் திரைக்கும் இடையே இரண்டு, இரண்டேகால் அடிதான் இருக்கும். அந்தத் தூரத்தில் 27 அங்குல 1080பி திரையில் எழுத்துகளின் விளிம்பு கரடுமுரடாகத் தெரியும். நீங்கள் உயர்தரம் படிக்கப் போகிறவர். விளையாடும் நேரத்தைவிட அதிகமான நேரம் அந்தத் திரையில் கடந்தகால வினாத்தாள்களைத்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

27 அங்குலம் அழகாகத் தெரிவது 1440பி திரையில்தான். அங்குலத்துக்கு 109 புள்ளிகள். அதை வைத்திருப்பவர்களின் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் 1440பி என்றால் ஒவ்வொரு சட்டகத்துக்கும், அதாவது அசையும் காட்சியின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், 36 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை உங்கள் கார்ட் வரைய வேண்டும். 1080பிக்கு ஏறத்தாழ 21 இலட்சம் போதும். முக்கால் பங்குக்கும் அதிகமான வேலை கூடுகிறது. 4 ஜி.பி. நினைவகம் கொண்ட 1650 வலோரன்டைச் சமாளித்துவிடும், ஜி.டி.ஏ. 5இல் மூச்சுத் திணறும். அப்போது என்ன செய்வீர்கள்? விளையாட்டின் அமைப்பில் 1080பிக்கு இறக்குவீர்கள். இந்த வகைத் திரைகளுக்குப் பிறவியிலேயே ஓர் அளவுதான் உண்டு. 1440பி திரையில் 1080பி படத்தைப் போட்டால் ஒரு புள்ளியை ஒன்றேகால் புள்ளிக்கும் மேலாக நீட்ட வேண்டும், அது சரியாகப் பொருந்தாது, படம் கலங்கும். 25,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, 24 அங்குலத்தில் கிடைத்திருக்கக்கூடிய கூர்மையை இழப்பீர்கள்.

இனி ஹேர்ட்ஸ். ஒரு வினாடிக்கு எத்தனை தடவை திரை தன்னைப் புதுப்பிக்கிறது என்பதே இந்த எண். 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி வினாடி. 100 ஹேர்ட்ஸில் 10 மில்லி வினாடி. 144இல் 6.9. 180இல் 5.6. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 60இலிருந்து 100க்குப் போகும்போது 6.7 மில்லி வினாடி மிச்சமாகிறது. 100இலிருந்து 180க்குப் போனால் மிச்சம் 4.4 மட்டும். 144க்கும் 180க்கும் இடையில் ஒன்றரைகூட இல்லை. எண் பெரிதாகப் பெரிதாகக் கைக்குக் கிடைக்கும் பலன் சுருங்குகிறது. அதனால் 60 ஹேர்ட்ஸ் திரையிலிருந்து வரும் உங்களுக்கு 100கூட ஒரு பெரிய மாற்றமாக இருக்கும். உங்கள் பணத்துக்கு 180 கிடைப்பதால் 180ஐ எடுங்கள். அமைப்புகளைக் குறைவாக வைத்தால் உங்கள் கணினியில் வலோரன்ட் வினாடிக்கு 144 சட்டகங்களைத் தாண்டும், அந்தத் திரைக்கு வேலை இருக்கும். ஆனால் நாளை ஒருவர் 240 ஹேர்ட்ஸ் என்று ஆசை காட்டினால் காது கொடுக்க வேண்டாம்.

ஜி.டி.ஏ. 5 கனமான விளையாட்டு. அதில் சட்டகங்கள் 60க்கும் 80க்கும் இடையில் ஏறி இறங்கும். திரை ஒரு தாளத்திலும் கார்ட் இன்னொரு தாளத்திலும் ஓடினால் படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரியும். இதற்கு மருந்து, திரையே கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி. பெட்டியில் ஃப்ரீசிங்க் என்றோ அடாப்டிவ் சிங்க் என்றோ எழுதியிருக்கும். ஃப்ரீசிங்க் ஏ.எம்.டி.யுடையது ஆயிற்றே, என்னுடையது என்விடியா கார்ட் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். 2019 ஜனவரியிலிருந்து என்விடியாவும் அந்தத் திரைகளுக்கு இடம் கொடுத்துவிட்டது, உங்கள் 1650 அதில் அடங்கும். டிஸ்பிளே போர்ட் கேபிளில் இணைத்து, என்விடியாவின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஜி-சிங்க் என்ற இடத்தில் அதை இயக்கிவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை இன்னொன்று இருக்கிறது. என்னிடம் பழுது என்று வரும் "வேகமான" மொனிட்டர்களில் எத்தனையோ 60 ஹேர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. வின்டோஸ் தானாக 60ஐ வைத்துக்கொள்வது வழக்கம், நாம்தான் மாற்ற வேண்டும். அமைப்புகளில் திரைப் பகுதிக்குப் போய், மேலதிகத் திரை அமைப்பைத் திறந்தால் புதுப்பிப்பு வீதம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் 180ஐத் தெரிவு செய்யுங்கள். பட்டியலில் 180 இல்லையென்றால் கேபிளையோ, அது செருகப்பட்ட வாயையோ சந்தேகியுங்கள். பிறகு மொனிட்டரின் சொந்தப் பட்டியலில், புள்ளிகள் நிறம் மாறுவதை விரைவுபடுத்தும் ஓவர்டிரைவ் என்ற ஒன்று இருக்கும். அதை நடு நிலையில் விடுங்கள். உச்சத்தில் வைத்தால் ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று தொடரும்.

எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவே வேண்டும். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குப் போனால் தெரிவு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் இங்கே திருகோணமலை நகரில் உள்ள கடையில் ஓரிரண்டாயிரம் கூடுதலாகச் சொன்னாலும் அங்கேயே வாங்குமாறு சொல்வேன். உத்தரவாதக் காலத்தில் பழுதானால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் நீங்கள். ஹபரண வழியாக 260 கிலோமீற்றர் அந்தப் பெட்டியுடன் பஸ்ஸில் போய்வரும் செலவையும் அலைச்சலையும் விலையுடன் கூட்டிப் பாருங்கள்.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டின் அடியில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். நம் நாட்டுக் கணினிக் கடைகள் பலவற்றின் பற்றுச்சீட்டில் ஓர் ஆண்டு உத்தரவாதம் என்றால் 350 நாள் என்று அச்சிட்டிருக்கும். எரிந்த அடையாளம், துரு, கீறல் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்றும் இருக்கும். கடற்கரை ஊரில் இருக்கும் நமக்குத் துரு என்ற அந்த ஒரு சொல் முக்கியமானது, கீழே நிலாவெளி வாசகருக்கான பதிலையும் படியுங்கள்.

கடையை விட்டு வெளியேறும் முன் மொனிட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்து வெற்றுப் படங்களை 1920க்கு 1080 அளவில் செய்து ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் திரை முழுவதும் விரித்து மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். இறந்த புள்ளி வெள்ளையில் கறுப்பாகவும், எரிந்தே நிற்கும் புள்ளி கறுப்பில் வண்ணமாகவும் தெரியும். ஒன்றிரண்டு புள்ளிகள் போனதற்காக மாற்றித் தர மாட்டோம் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் நிபந்தனை. எனவே கடைக்குள்ளே பார்த்ததுதான் கணக்கு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், உங்கள் மாமா குளிரில் உழைத்து அனுப்பிய பணம் அது.

கேள்வி: நான் கிண்ணியாவில் இருந்து எழுதுகிறேன் மிஸ். கிராபிக் டிசைன் பாடநெறி ஒன்று படிக்கிறேன். இரவில் கதை சார்ந்த விளையாட்டுகள் விளையாடுவேன், சுட்டுத்தள்ளும் விளையாட்டுகள் பிடிப்பதில்லை. என்னிடம் இருப்பது சில ஆண்டுகள் பழைய மடிக்கணினி. அதனுடன் இணைக்க 24 அங்குலத் திரை தேடுகிறேன். கடைக்காரர் வளைந்த வி.ஏ. திரையைக் காட்டி, கறுப்பு நிறம் இதில்தான் கறுப்பாக இருக்கும் என்கிறார். அது உண்மையா? ஐ.பி.எஸ். வாங்குவதா, வி.ஏ. வாங்குவதா?

பதில்: தங்கச்சி, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. வி.ஏ. திரையில் மிக வெளிச்சமான புள்ளிக்கும் மிக இருண்ட புள்ளிக்கும் உள்ள விகிதம் பொதுவாக 3000க்கு 1. ஐ.பி.எஸ். திரையில் அது 1000க்கு 1 என்ற அளவில் நின்றுவிடும். விளக்கை அணைத்துவிட்டு இருண்ட குகைக் காட்சி ஒன்றைப் போட்டால் ஐ.பி.எஸ். சாம்பலாகத் தெரியும், மூலைகளில் ஒரு வெளிறல் கசியும். இரவில் கதை விளையாட்டு மட்டும்தான் என்றால் நானே வி.ஏ. எடுக்கச் சொல்லியிருப்பேன். அதன் குறை, இருண்ட நிறங்கள் மாறுவதற்குச் சற்று நேரம் எடுக்கும். ஓடும் காட்சிகளில் கறுப்பு மை இழுபட்டதுபோல் ஒரு கோடு தெரியும். வேக விளையாட்டு ஆடுபவர்களை அது தொந்தரவு செய்யும், உங்களை அவ்வளவாகச் செய்யாது.

ஆனால் நீங்கள் வடிவமைப்புப் படிக்கிறீர்கள். நிறம்தான் உங்கள் தொழிலாகப் போகிறது. வி.ஏ. திரையில் தலையைச் சற்றுத் திருப்பினாலே நிறத்தின் அழுத்தம் மாறுகிறது. ஐ.பி.எஸ். அந்த விடயத்தில் நிதானமானது. ஆகவே உங்களுக்கு ஐ.பி.எஸ்., வளைவில்லாத திரை. நேர்கோடு வரைய வேண்டிய ஒருவருக்கு 24 அங்குலத்தில் வளைவு எந்த உதவியும் செய்யாது.

ஐ.பி.எஸ். என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. விவரத்தாளில் நிற வீச்சை, அதாவது திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதைப் பாருங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. 99 சதவீதம் அல்லது என்.டி.எஸ்.சி. 72 சதவீதம் என்று இருந்தால் இணையத்துக்கும் சாதாரண அச்சு வேலைக்கும் போதுமானது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொல்கின்றன. என்.டி.எஸ்.சி. 45 சதவீதம் என்று இருந்தால் வாங்க வேண்டாம், சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். விலை குறைந்த மடிக்கணினிகளின் திரைகள் பல இந்த 45தான். உங்கள் மடிக்கணினியும் அப்படியிருந்தால், புதிய திரையில் உங்கள் பழைய வேலைகளைத் திறந்து பார்க்கும்போது நிறங்கள் வேறாகத் தெரியும். பயப்பட வேண்டாம், புதியதை நம்புங்கள்.

பழைய மடிக்கணினிகளில் உள்ள எச்.டி.எம்.ஐ. வாய் 1.4 பதிப்பாக இருக்கக்கூடும். அதன் வழியாக 1080பி படம் 120 ஹேர்ட்ஸ் வரைதான் போகும். எனவே 100 ஹேர்ட்ஸ் திரை உங்களுக்குப் போதும். 180க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய தாங்கிக்குச் செலவிடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருந்தால் கழுத்து வலி பாதி குறையும். அப்படிப்பட்ட தாங்கி இல்லாத மலிவான திரை என்றால் அதன் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீற்றர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், பின்னர் திரையைத் தாங்கும் கை ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: தங்கச்சி, நான் திருக்கடலூர். கடல் தொழில். மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். எப்படியோ ஒரு கணினி எடுத்துக் கொடுத்துவிட்டேன், இப்போது மொனிட்டர் வேண்டும் என்கிறான். வீட்டில் 32 அங்குல ரீவி இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதாதா? அது பெரிதுதானே?

பதில்: அண்ணா, மகன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி தள்ளியிருந்து உதைபந்தாட்டம் விளையாடுவதற்கு ரீவி போதும். ரீவியின் பட்டியலில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் பொத்தானை அழுத்தும் நேரத்துக்கும் திரையில் அசைவு தெரியும் நேரத்துக்கும் உள்ள தாமதம் குறையும்.

மேசையில் வைத்துப் படிப்பதற்கு அது சரிவராது. 32 அங்குல ரீவிகளில் பல 1366க்கு 768 புள்ளிகள் மட்டுமே கொண்டவை. அங்குலத்துக்கு 49 புள்ளிகள், மொனிட்டரில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. கிட்ட இருந்து எழுத்து வாசிக்கும் பிள்ளையின் கண் வீணாகக் களைத்துப் போகும். அதோடு, இரவுச் செய்தி பார்க்க நீங்களும் கணக்குச் செய்ய அவனும் ஒரே பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

புதியது இப்போது வாங்க முடியாவிட்டால், அலுவலகங்களில் இருந்து கழித்து இறக்குமதியாகும் பாவித்த மொனிட்டர்கள் நல்ல தெரிவு. 60 ஹேர்ட்ஸ்தான், ஆனால் உறுதியானவை. 22 அல்லது 24 அங்குலத்தில் 1920க்கு 1080 உள்ளதைக் கேளுங்கள். எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்பிளே போர்ட் வாய் இருக்க வேண்டும். பழைய நீல நிற வி.ஜி.ஏ. வாய் மட்டும் உள்ளது வேண்டாம், இன்றைய கிராபிக்ஸ் கார்ட்களில் அதற்கு இடமில்லை. கடையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பக்கம் மஞ்சளித்திருந்தால், ஓரத்தில் கருநிழல் விழுந்திருந்தால், போட்டவுடன் மின்னி மின்னி வந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். பார்க்கத் தெரியவில்லையென்றால் மகனை அழைத்துப் போங்கள். அவனுக்கு நான் மேலே எழுதியதைக் காட்டினால் போதும்.

கேள்வி: நிலாவெளியில் கடற்கரைக்கு மிக அருகில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். கடந்த மாரியில் இடி முழக்கத்துடன் ஒரு மொனிட்டர் போய்விட்டது. அதற்கு முன்னர் வாங்கிய ஒன்றின் வாய்கள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. இந்தமுறை வாங்கும் மொனிட்டரை எப்படிக் காப்பாற்றுவது? ஸ்டெபிலைசர் வாங்கவா?

பதில்: எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி இது. என் மேசைக்கு வரும் மொனிட்டர்களில் வயதாகிச் செத்தவை குறைவு. மின்னலும் உப்பும்தான் அதிகம் கொல்கின்றன. விளையாட்டுக்கு எது சிறந்தது என்று மாதக்கணக்கில் ஆராயும் பிள்ளைகள், அதைச் செருகும் சுவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. மொனிட்டரின் முதுகிலோ அதன் அடாப்டரிலோ 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். மின் அழுத்தம் 180க்கு இறங்கினாலும் அது பேசாமல் வேலை செய்யும். அதைக் கொல்வது ஒரு கணத்தில் பாயும் பெரும் அழுத்தம். அதற்கு சர்ஜ் பாதுகாப்புள்ள செருகுப் பலகை வேண்டும், அதைவிட முக்கியமாக வீட்டில் சரியான எர்த் கம்பி வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அந்தப் பலகையால் முழுமையாக வேலை செய்ய முடியாது. 13 அம்பியர் சதுர முனைச் செருகியை அடாப்டர் போட்டு இரண்டு முனையாக்கிச் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், எர்த் அங்கேயே அறுந்துபோகிறது. பலகைக்குள் இருக்கும் பாதுகாப்பு உறுப்பும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேய்கிறது. காட்டும் விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீட்டிப்புப் பலகைதான்.

நேரடி மின்னலுக்கு முன்னால் எந்தப் பலகையும் நிற்காது. சித்திரைப் பக்கமும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் செருகியைச் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. மின்கம்பி ஒன்றே வழியில்லை. செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு, கூரையில் உள்ள டிஷ்ஷின் கேபிள் ஆகியவை வழியாகவும் மின்னல் உள்ளே வரும். ரவுட்டரில் இருந்து கணினிக்கு, கணினியில் இருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக மொனிட்டருக்கு என்று அது பயணம் செய்யும். எச்.டி.எம்.ஐ. வாய் மட்டும் செத்து மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் மொனிட்டர்களை நான் அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் இதுதான். ஃபைபர் இணைப்பு என்றால் அந்த இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் மின் அடாப்டர் கடத்தும். ஆகவே மொத்தமாகக் கழற்றுங்கள்.

மின்வெட்டுக்காக யூ.பி.எஸ். வைப்பது நல்லது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. 24 அங்குல மொனிட்டர் 20 முதல் 30 வோட் வரைதான் எடுக்கும். விடுதி வரவேற்பில் இருக்கும் சாதாரணக் கணினியுடன் சேர்த்தாலும் 650 வோல்ட்-அம்பியர் யூ.பி.எஸ். ஒன்று வேலையைச் சேமித்துவிட்டு அணைக்கப் போதுமான நேரம் தரும். மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு அது ஆனதல்ல.

இனி உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு திரையின் பின்புறத் துவாரங்கள் வழியாக உள்ளே படிகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பலகையில் உள்ள மெல்லிய செம்புப் பாதைகள் பச்சை பூத்து அறுந்துபோகின்றன. வாடைக் காற்று நேராக அடிக்கும் கிழக்கு யன்னல் பக்கம் மொனிட்டரின் முதுகைத் திருப்பி வைக்காதீர்கள். மாரி காலத்தில் விருந்தினர் இல்லை என்று மாதக்கணக்கில் அணைத்து மூடி வைப்பதுதான் மிகவும் கெடுதல். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளே எழும் சூடு ஈரத்தைத் துரத்தும். அணைத்தவுடன் பொலித்தீன் உறையைப் போட வேண்டாம். ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். பாவிக்காத வாய்களுக்கு ரப்பர் மூடிகள் விற்கிறார்கள், விலை சிறிது. கேபிளை அடிக்கடி கழற்றிச் செருகாமல் ஒரே இடத்தில் விட்டுவிடுங்கள்.

திரையில் படியும் உப்புப் பூச்சைத் துடைக்கக் கண்ணாடி கழுவும் திரவம் வேண்டாம், திரையின் மேல் உள்ள மங்கல் பூச்சு உரிந்துவிடும். மெல்லிய மைக்ரோஃபைபர் துணியைச் சுத்திகரித்த நீரில் சற்று நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடையுங்கள். உலர்ந்த துணியால் முதலில் துடைத்தால் உப்பின் படிகங்களே திரையைக் கீறும்.

உங்களுக்கான தெரிவு எளிது. வெளிச்சம் அதிகமுள்ள இடம் என்பதால் மங்கல் பூச்சுள்ள ஐ.பி.எஸ்., விவரத்தாளில் 250 நிட்ஸுக்குக் குறையாத வெளிச்சம், முடிந்தால் 300. விடுதி வரவேற்பு வேலைக்குத்தான் என்றால் ஹேர்ட்ஸுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு 5 வாங்க எண்ணம். இப்போது வாங்கும் மொனிட்டர் இரண்டுக்கும் பொருந்துமா? (அன்புவழிபுரம் வாசகர்)

பதில்: சாதாரண பிளேஸ்டேஷன் 4 தருவது 1080பி, 60 ஹேர்ட்ஸ். எந்தத் திரையும் போதும். 5க்கு 1440பி வசதி 2022 செப்டெம்பரில் வந்த மென்பொருளுடன் சேர்ந்தது. அதனால் 27 அங்குல 1440பி திரையையும் அது முழுமையாகப் பயன்படுத்தும். எச்.டி.எம்.ஐ. 2.0 உள்ள திரையில் 1440பி, 120 ஹேர்ட்ஸ் கிடைக்கும். 2.1க்கு அதிகப் பணம் கொடுப்பது 4கே திரையில் 120 ஹேர்ட்ஸ் வேண்டுபவர்களுக்குத்தான். ஒலியை மறந்துவிடாதீர்கள். பல மலிவு மொனிட்டர்களில் ஒலிபெருக்கி இல்லை, ஹெட்ஃபோன் துளையாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் "1 மில்லி வினாடி" என்றும் "எச்.டி.ஆர்." என்றும் ஒட்டியிருக்கிறார்கள். இவற்றுக்காக 8,000 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (தம்பலகாமம் வாசகர்)

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த 1 மில்லி வினாடிக்குப் பக்கத்தில் எம்.பி.ஆர்.டி. என்று எழுதியிருந்தால், பின் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றி எடுத்த கணக்கு அது. அந்த வசதியை இயக்கினால் திரை மங்கும், சிலருக்குத் தலை வலிக்கும். ஜி.டி.ஜி., அதாவது ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம், என்று எழுதியிருந்தால் ஓவர்டிரைவை உச்சத்துக்கு ஏற்றி அளந்ததாக இருக்கும். மிகுந்த வெளிச்சத்தையும் மிகுந்த இருளையும் ஒரே படத்தில் காட்டும் எச்.டி.ஆர். உண்மையில் அழகானது, ஆனால் அதற்குத் திரையின் ஒவ்வொரு பகுதியின் விளக்கையும் தனித்தனியே மங்கச் செய்ய வேண்டும். இந்த விலையில் உள்ள மொனிட்டர்கள் எச்.டி.ஆர். சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளும், காட்டும் வலிமை அவற்றுக்கு இல்லை. அதைப் போட்டால் படம் வெளிறித் தெரிவதுதான் வழக்கம், அணைத்தே வைத்திருங்கள். அந்த 8,000 ரூபாயில் சர்ஜ் பலகை ஒன்றும் நல்ல டிஸ்பிளே போர்ட் கேபிள் ஒன்றும் வாங்கிவிட்டு மிச்சமும் எடுத்துக்கொள்ளலாம்.